களி தாழ்ந்த கதை

சோற்றிலேகூட உயர்வு தாழ்வு கற்பித்த நாடு நம் நாடு. மனிதரைப் படிக்கட்டுகளில் நிறுத்தி வைத்தவர்கள், மனிதர் உண்ணும் தானியத்தையும் அதே படிக்கட்டுகளில் நிறுத்தி வைத்தார்கள். நெல் மேற்படியில், கம்பும் சோளமும் கேழ்வரகும் கீழ்ப்படியில். நெல்லஞ்சோறு உண்பவர் பெரிய வீட்டார். களி கிண்டி உண்பவர் சின்ன வீட்டார். சிறைக்குப் போவதைக் 'களி தின்னப் போவது' என்று இன்றும் பேசுகிறோமே, அந்த ஒரு சொல் போதும், உழைப்பவனின் உணவை ஊர் எவ்வளவு இழிவாக எண்ணியது என்பதைக் காட்ட.

இழிவென்று ஒதுக்கப்பட்ட அந்த உணவு, உண்மையில் இழிவானதுதானா? உயர்வென்று கொண்டாடப்பட்ட உணவு, உண்மையில் உடலை உயர்த்தியதா? மரபு சொல்வதைக் கேட்டு முடிவு கட்டாமல், ஆராய்ச்சி சொல்வதைக் கேட்டு முடிவு கட்டுவோம். அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருப்பூர் வட்டாரத்தின் வரலாறும், அதற்குச் சற்று மேற்கே நீலமலையில் நடந்த ஆராய்ச்சியும் விடை தருகின்றன.

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. நொய்யலும் அமராவதியும் பாயும் கரைகளை விட்டு நகர்ந்தால், கண்ணுக்கெட்டிய வரை மேட்டுக்காடு. அந்தக் காட்டிலே விளைந்தவை கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, தினை, கொள்ளு, தட்டைப்பயறு, அவரை. 1800ஆம் ஆண்டில் இந்தச் சீமையைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் கம்பையும் சோளத்தையும் பற்றி எழுதினார். 1887இல் கோவை மாவட்டக் கையேட்டைத் தொகுத்த நிக்கல்சனும் புன்செய்த் தானியங்களே இம்மக்களின் உணவு என்று பதிந்தார். நெல்லஞ்சோறு என்பது நோன்பு நாளுக்கும் கலியாணத்துக்கும் உரியது. மற்ற நாட்களில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்போ கீரைக் கடைசலோ. கரைத்துக் குடிக்க மோர்.

இதைச் சொன்னதும், 'ஆகா, அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விடுவோர் சிலர் புறப்படுவர். அவர்களுக்கு ஒரு சொல். அந்தக் காலத்தில் கம்பு விளைவித்தவன் வயிறார உண்டான் என்று வரலாறு சொல்லவில்லை. பண்ணையில் உழைத்தவனுக்கு மிஞ்சிய கூழ். மோரும் பருப்பும் ஆண்டை வீட்டு அடுப்படியைத் தாண்டி எல்லோரிடத்திலும் வந்ததில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் கோவைச் சீமையையும் விட்டு வைக்கவில்லை. பஞ்ச நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி 1877இல் கணக்குப் போட்டார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடலுக்கு அது போதாது, பருப்பும் வேண்டும், மற்றவையும் வேண்டும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். வாதத்துக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. ஏழையின் வயிற்றுக்கு எவ்வளவு தேவை என்பதை அறிவியலைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற குரல், இந்த மண்ணில் அன்றே எழுந்தது.

அந்தக் குரலுக்கு ஆய்வுக்கூடம் அமைந்த இடம் குன்னூர். இராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பல்லாண்டு உணவாராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் நன்றாக வளர்ந்தன. முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, வாரத்துக்கொரு முறை இறைச்சி — இதுதான் அந்த உணவு. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்ட எலிகளோ எல்லாவற்றிலும் சிறுத்துக் கிடந்தன. 'வடக்கத்தியான் வீர இனம், தெற்கத்தியான் மெல்லினம்' என்று இனக் கதை பேசி வந்தவர்களுக்கு எலிகள் விடையளித்தன! பிறப்பிலே இல்லை வேறுபாடு, தட்டிலே இருந்தது.

மக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உண்ணும் உணவை ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட தேநீர், பழப்பாகு, டப்பா இறைச்சி, சத்துப் போக வேகவைத்த காய். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின, நோயுற்றன, 60ஆம் நாள் அளவில் தம்முள் வலிமை குறைந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. மைதா ரொட்டியும் சர்க்கரைத் தேநீரும் என்ற இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. திருப்பூருக்குப் போகும்போது இது மீண்டும் வரும்.

மக்காரிசனுக்குப் பிறகு 1935இல் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு, நம் உணவுப் பண்டங்களின் சத்தை ஒவ்வொன்றாக அளந்து, 1937இல் பட்டியலாக வெளியிட வழி செய்தார். அந்த அளவீடுகளில் நம் கீழ்ப்படித் தானியம் மேற்படிக்கு ஏறியது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய வெள்ளை அரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராம். எலும்புக்கும் பல்லுக்கும் அடித்தளமான அந்தச் சத்தில், தானியங்களுக்குள் கேழ்வரகுக்கு ஈடு எதுவும் இல்லை. அரிசி உணவே உண்ட விடுதிப் பிள்ளைகளுக்கு, வெண்ணெய் நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, உயரமும் எடையும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடின என்பதையும் குன்னூர் ஆய்வினர் கண்டனர். வெண்ணெய் நீக்கிய பாலுக்கு நம் வீட்டு உறவு எது? மோர். ராகிக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்தவள் எந்த ஆய்வுக்கூடத்தையும் கண்டவள் அல்லள். ஆயினும் ஆய்வுக்கூடம் அவள் கலயத்துக்குச் சான்றிதழ் வழங்கியது.

சான்றிதழ் வந்த காலத்தில்தான், கலயம் ஒதுக்கப்பட்டது! அது எப்படி நடந்தது?

பருத்திச் சந்தையும் பஞ்சு அரைவை ஆலையும் கொண்ட ஊராக இருந்த திருப்பூரில், 1920களிலும் 1930களிலும் பின்னலாடைத் தொழில் முளைவிட்டது. பனியன் கம்பெனிகள் பெருகின. 1970களுக்குப் பின் ஏற்றுமதி ஓங்கியது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமும் ஆயிற்று. மேட்டுக்காட்டை விட்டு மக்கள் ஊருக்கு வந்தனர், தென்மாவட்டங்களிலிருந்து வந்தனர், பின்னர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தனர். காட்டிலே பண்ணையாருக்குக் கை கட்டி நின்றவன் கூலியைக் கையிலே எண்ணி வாங்கினான். அது விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் சூரியன் காட்டிய நேரம் போய், சங்கு காட்டிய நேரம் வந்தது. கம்பு இடித்துப் புடைத்துக் காய்ச்ச ஒரு பெண்ணின் அரை நாள் வேண்டும். அந்தப் பெண்ணே இப்போது தையல் எந்திரத்தின் முன்னும், பிசிறு வெட்டும் மேசையின் முன்னும் நிற்கிறாள். களி கிண்ட யாருக்கு நேரம்?

அந்த வெற்றிடத்திலே தேநீர் புகுந்தது. நம் முன்னோர் அறியாத பானம் அது. தேயிலை விற்பனையைப் பெருக்க விரும்பியவர்கள் 1930களில் ஊர் ஊராகச் சென்று, சந்தையிலும் திருவிழாவிலும் இலவசமாகக் காய்ச்சி ஊற்றிப் பழக்கினார்கள். பழகிய நாவுக்கு, ஆலையின் இடைவேளை மணி புது உணவு முறை ஆயிற்று: காலையில் டீயும் பன்னும், பகலில் வெள்ளைச் சோறு, மாலையில் டீயும் வடையும், இரவு வேலை என்றால் மறுபடியும் டீ. குன்னூர் எலிகளுக்கு மக்காரிசன் வைத்த தட்டு இதுதானே? இங்கிலாந்தின் ஆலைத் தெரு எந்த உணவால் மெலிந்ததோ, அதே உணவு நம் ஆலைத் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. வயிறு ஏமாந்தது, முதலில் உண்மையைச் சொன்னது பல்.

பல்லைப் பற்றி நம் மக்களிடம் உலவும் மூடநம்பிக்கை கொஞ்சமன்று. சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது என்பர். கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டுப் புகை பிடித்து, 'இதோ விழுந்தது புழு' என்று காட்டுவர். இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று. பழங்காலப் பாபிலோனியரும் பல்லுக்குள் புழு இருப்பதாக நம்பி மந்திரம் எழுதி வைத்தனர். ஐரோப்பாவிலும் இதே போல் விதைகளைச் சுட்டுப் புகை பிடித்தனர். சுட்ட விதை வெடித்துத் தெறித்து விழும் முளைக்கருவைப் பார்த்து, புழு என்று மயங்கினர். 1728இல் பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் போஷார், தேடிப் பார்த்தும் புழுவைக் காணோம் என்று எழுதினார். 1890இல் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் உண்மையைக் காட்டினார்: வாயில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவையும் புளிக்க வைத்து அமிலம் ஆக்குகின்றன, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது.

இனிப்பு எவ்வளவு உண்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை உண்கிறோம் என்பது பல்லுக்கு முக்கியம். சுவீடன் நாட்டில் லுண்டு நகர்ப் பகுதியில் விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1945 முதல் நடந்த ஆய்வு இதை ஐயமின்றிக் காட்டியது. உணவோடு சேர்த்து இனிப்பு உண்டவருக்குச் சொத்தை மிகுதியாகவில்லை. இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவருக்கே பற்கள் பாழாயின. தன்னைப் பற்றி முடிவெடுக்க இயலாத நோயாளிகளை வைத்து அந்தச் சோதனையை நடத்தியது கொடுமை. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அவர்கள் கொடுத்த விலையால் கிடைத்த அறிவை வீணாக்குவது அதனினும் கொடுமை.

ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்டதும் அமிலம் சுரக்கிறது. உமிழ்நீர் அதைக் கழுவிச் சமன் செய்ய அரை மணிக்கு மேலும் ஆகலாம். நாளைக்கு ஐந்து முறை சர்க்கரைத் தேநீர் பருகுபவனின் பல், ஐந்து முறை அமிலத்தில் நனைகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர் ஒருவர் நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது. குவளைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தாலும், ஐந்து குவளையில் பத்துக் கரண்டி ஆயிற்று. பன்னும் மிட்டாயும் இன்னும் கணக்கில் வரவில்லை. 'நாங்கள் வெள்ளைச் சர்க்கரை தொடுவதில்லை, கருப்பட்டிதான்' என்போருக்கும் சொல்வோம்: பல்லில் வாழும் நுண்ணுயிர் நாட்டுச் சரக்கு, சீமைச் சரக்கு என்று பேதம் பார்ப்பதில்லை.

பல்லைக் காக்கும் உணவு எது? விலை மிக்க டப்பாக்களில் அது அடைபட்டுக் கிடக்கவில்லை. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, மோர், தயிர், எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு. ஈறு உறுதிக்கு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை. ஈறு வீங்கி இரத்தம் கசியும் சொறிகரப்பான் நோயுற்ற கப்பலோட்டிகளை ஆரஞ்சும் எலுமிச்சையும் குணப்படுத்துவதை 1747இலேயே ஜேம்ஸ் லிண்டு சோதித்துக் காட்டினார். மென்று தின்னும் காயும் வேர்க்கடலையும் உமிழ்நீரைப் பெருக்கும். உமிழ்நீரே பல்லுக்கு இயற்கை தந்த காவலாள். பல்லும் உடலும் வேறல்ல என்பதால் கொள்ளும் பச்சைப்பயறும் முட்டையும் வேண்டும். உண்ட பின் நீரால் வாய் கொப்பளிப்பதற்குக் காசு வேண்டியதில்லை. செங்கல் தூளும் உமிக்கரியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். புளூரைடு கலந்த பற்பசை, சிறு அளவில், அந்தப் பூச்சுக்கு வலிமை தரும்.

அளவு மீறினால் அதே புளூரைடு பல்லைக் கெடுக்கும். இதையும் முதலில் கண்டறிந்தோருள் நம் மாகாணத்து ஆய்வாளர்கள் உண்டு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், கிணற்று நீரில் மிகுந்த புளூரைடால் பல்லில் கறை ஏறி எலும்பு இறுகி மக்கள் முடங்கிய கொடுமையை 1937இல் வெளிப்படுத்தினர். 'முன்வினை' என்று தலைவிதியின் மேல் பழி போட்ட ஊனம், தண்ணீரில் கரைந்த உப்பு என்று தெரிந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரத்தையும் அந்த உப்பு வாட்டியது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டு சென்றது. வினை தீர்க்க யாகம் உதவவில்லை; குழாய் உதவியது.

ஏழைப் பிள்ளையின் தட்டைப் பற்றி அரசு கவலைப்பட வேண்டும் என்ற எண்ணமும் இந்த மண்ணில் போராடி வளர்ந்ததே. 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1967இல் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2008இல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. 2011இல் விலையில்லா அரிசி. 2022இல் பள்ளிகளில் காலை உணவு.

நெல்லஞ்சோற்றை நோன்பு நாளில் மட்டும் கண்டவனின் பேரன், நாள்தோறும் அதை உண்கிறான். பஞ்சம் என்ற சொல்லை அவன் பாடநூலில்தான் படிக்கிறான். இந்த வெற்றியைச் சிறிதெனச் சொல்வோர் பசியறியாதவர். ஆயினும் வயிறு நிறைவது முதற்படி; உடல் நிறைவது அடுத்த படி. தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் என்று 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அரிசியால் மட்டும் தீரும் குறை இது அன்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடையில் கேழ்வரகு வழங்கும் முயற்சி தொடங்கியது. நல்ல தொடக்கம். பின்னலாடைத் தொழிலாளரின் தெருவுக்கும் அது வர வேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஏனெனில் இன்று களிக்கு வேறொரு வேடம் கட்டுகிறார்கள். ஏழை உண்டபோது இழிவாக இருந்த சிறுதானியம், பளபளக்கும் பொட்டலத்தில் ஏறியதும் பணக்காரரின் பெருமை ஆகிவிட்டது. விலையும் அவர்களுக்கே எட்டுகிறது! கோராப்புட்டிலிருந்து வந்து நம் பக்கத்து எந்திரத்தில் நிற்கும் தோழரிடம் கேட்டுப் பாருங்கள். 'மண்டியா' என்று அவர் சொல்வது நம் ராகியைத்தான்.

அரசிடம் கேட்பதோடு நம் வீட்டையும் கேட்டுப் பார்ப்போம். ஆணும் பெண்ணும் ஒரே நேரம் வேலை முடித்து வருகிறார்கள். அவன் திண்ணையில் அமர்கிறான். அவள் அடுப்படியில் நுழைகிறாள். அவனுக்கும் பிள்ளைக்கும் பரிமாறிய பின் சட்டியின் அடியில் எஞ்சியது அவளுக்கு. கருவுற்றால் பப்பாளி ஆகாது, பிள்ளை பெற்றால் கீரை ஆகாது, காய் ஆகாது, தண்ணீர்கூட அளவோடுதான் என்று பத்தியம் பேசி மெலிய வைக்கிறோம். குழந்தையின் பாற்பற்கள் தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்குகின்றன. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல் பிறக்கும் நேரத்தில் கெட்டிப்படத் தொடங்குகிறது. தாயின் தட்டில் குறைந்தது பிள்ளையின் வாழ்வில் குறையும். பற்களைக் காக்கும் முதற்பணி, தாயை முதற்பந்தியில் அமர்த்துவது!

களி கிண்ட நேரமில்லை என்பது ஒருத்தியின் கணக்கு. இருவர் கை சேர்ந்தால் அந்தக் கணக்கு மாறும். ராகி மாவை இரவே கரைத்துப் புளிக்க வைத்தால் காலையில் கால் மணியில் கூழ் ஆகும். பயறு இரவில் தானே முளைகட்டும். இவற்றைச் செய்ய ஆண் கை கூசக்கூடாது. கம்பெனியின் இடைவேளையில் பன்னுக்குப் பதில் சுண்டலும், சர்க்கரைத் தேநீருக்குப் பதில் மோரும் வைக்கச் சங்கங்கள் கோரலாம். கூலி உயர்வைக் கோரும் உரிமை உள்ளவர்க்கு, உடல் உயர்வைக் கோரும் உரிமை இல்லையா? அழும் பிள்ளைக்கு மிட்டாயை அன்பின் அடையாளமாகக் கொடுக்கும் கை, கொய்யாவைக் கொடுக்கப் பழகட்டும். புகையிலையும் பாக்கும் பல் நோவுக்கு மருந்தாகா. பாக்கே புற்றுநோய் தருவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். அந்த முழக்கம் அடுப்படிக்குள்ளும் கேட்க வேண்டும். இழிவென்று நம் மீது சுமத்தப்பட்ட உணவு, அளந்து பார்த்தபோது உயர்ந்தது என்று தெரிந்தது. உயர்வென்று நாம் தேடிப் பிடித்த தட்டு, பிள்ளையின் பல்லை அரித்தது. மரபு சொன்னதற்காகக் களியை வெறுத்தது பேதைமை. மரபு என்பதற்காகவே அதைப் போற்றினால் அதுவும் பேதைமையே. சத்து உண்டு என்பதற்காக அதை உண்போம்; அரிசியின் பக்கத்திலே, சமமாக, ஒரே பந்தியிலே வைத்து உண்போம்.